கன அடி

ஜூன் பதினேழு, இரவு பத்தேகால்.
கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து
போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்:
"கோரையாத்துக்கு அறுநூறு கன அடி கொடுத்தாச்சு சார்.
பத்தாதுன்னா
விடியக்காலம் இன்னொரு இருநூறு கொடுக்கறேன்."

போர்வைக்குள்ளிருந்து ஒரு குரல்:
"அது என்னம்மா தப்பு பண்ணிச்சு?"
எதுடா?
"ஆறு."

எனக்கு அப்போது விளங்கவில்லை.
தூங்கு மாறா என்று விளக்கை அணைத்தேன்.
அறுநூறு அடி வாங்கிய ஆற்றை நினைத்து
எவ்வளவு நேரம் விழித்துக் கிடந்தானோ.

மறுவாரம் ஒன்றாம் வகுப்பு டீச்சர்
கூப்பிட்டனுப்பினார்.
"அம்மாவுக்கு என்ன வேலைன்னு கேட்டேன் மேடம்.
பொரி விக்கிறாங்களாம்.
உதவிப் பொரியாளராம்.
மிச்ச நேரம் ஆத்தை அடிப்பாங்களாம்.
கனமான அடியாம்."

தினமும் நான் செருப்பைக் கழற்றும் முன்பே
என் கைப்பைக்குள் கைவிட்டுத் துழாவினானே,
அதற்குத்தானா.
நான் செல்போனுக்கு என்றல்லவா
அதட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டேன்.
வாய்க்கால் என்று யாராவது சொன்னால்
வாயைத் தொட்டுக் காலைத் தொடுகிறான்.
நீடாமங்கலத்தில் மூணாறு தலைப்பைக் காட்டி
இது என்ன இடம் சொல்லு என்றால்
"பதினெட்டு."
வாய்ப்பாட்டின்படி சரிதான்,
மார்க் போட்டுத்தான் ஆகவேண்டும்.

ஹாஜா மைதீன் போன் மட்டும் அவனுக்கு உயிர்.
தில்லைவிளாகத்திலிருந்து அவர் பேசினால்
ஸ்பீக்கர் போடாமலே ஊருக்குக் கேட்கும்:
"கடைமடைக்கு இன்னும் ஒரு சொட்டு வரலம்மா!"
மாறன் உண்டியலைக் குலுக்கிக்கொண்டு வந்தான்.
"அந்தக் கடையில
வேற என்னல்லாம் இருக்கு, கேளேன்."

கேட்டேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
"ஒண்ணும் இல்லன்னு சொல்லுங்க தம்பிக்கிட்ட.
வெறுங்கடை.
தண்ணி வந்தாத்தான் சரக்கு."

முறைப்பாசனம் அறிவித்தோம்.
ஆறு நாள் அந்த ஆறு, ஆறு நாள் இந்த ஆறு.
(இதை அவனிடம் விளக்கப் போனது என் தவறு.)
"அப்போ முறைச்சா போதுமா?
அடிக்க வேணாமா?"
அந்த முகத்தில் வந்த நிம்மதியை
என்னவென்று சொல்ல.

சனிக்கிழமை ஸ்கூட்டரில் முன்னால் நின்று வந்தவன்
மதகுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு
பாமணியாற்றை முறைத்தான்.
புருவம் இரண்டும் முட்ட,
மூக்கு விடைக்க,
கீழுதட்டை மடித்துக் கடித்து.
எனக்கு அப்படியொரு முகம் இருப்பது
அன்றுதான் தெரியும்.
பின்னால் லஸ்கர் சிங்காரவேலு
மூச்சுவிடாமல் சக்கரத்தைச் சுற்றினார்.
ஷட்டர் ஒரு சாண் எழுந்தது.
நுரைத்துக்கொண்டு குதித்தது தண்ணீர்.
"பாத்தியா," என்றான் என்னிடம்,
எனக்கு ஒன்றும் தெரியாது என்பதுபோல.

திங்கட்கிழமை அளவுப் பதிவேட்டைத் திறந்தேன்.
வீட்டுக்கு எடுத்துவந்தது என் குற்றம்.
ஞாயிறு மாலைக்குரிய கட்டத்தில்
பென்சிலில், கோணல் கோணலாக:
ஆறு சமத்து. இன்னிக்கி அடி இல்ல.

அரசாங்க ஆவணம்.
பிழையைக் கோடு கிழித்து அடித்து
பக்கத்தில் சரியானதை எழுதி
சுருக்கொப்பமிட வேண்டும், அது விதி.
பேனா அந்த வரிவரைக்கும் போனது.
அடிக்கவில்லை.
ஓரத்தில் பொடியாக நானூற்றைம்பது என்று எழுதினேன்.

புதன்கிழமை செயற்பொறியாளர் வந்தார்.
தாள் தாளாகப் புரட்டியவர்
ஓரிடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி மாட்டினார்.
பச்சை மையில் கையெழுத்துப் போட்டார்.
"கடைமடைக்குப் போய்ச் சேந்துச்சா?"
சேந்துடுச்சு சார், நேத்து ராத்திரி.

சாயங்காலம் அலுவலக வாசலில்
ஹாஜா மைதீன், முழங்கால்வரை சேறு.
"கடை தொறந்தாச்சுன்னு சொல்லுங்க தம்பிக்கிட்ட,"
ஒரு பொட்டலத்தை நீட்டினார்.
பிரித்துப் பார்த்தேன்.
கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடி
வீட்டுக்கு வண்டியை எடுத்தேன்,
பணியில் சேர்ந்து ஒன்பது வருடத்தில்
முதல்முறையாக
பொரியோடு.